உயிராட்டமும் திறந்த மூலநிரலும்



பல்லாங்குழி ஆட அமரும் இருவர், காய்களை இடுவதற்கு முன்பே விதிகளைப் பேசி ஒத்துக்கொள்வது வழக்கம். ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அவற்றைப் 'பசு' என்று எடுத்துக்கொள்வதா, வெறுங்குழியை அடுத்த குழியின் காய்களை மட்டும் எடுப்பதா, அதன் எதிர்க்குழியையும் சேர்த்து எடுப்பதா என்பன ஊருக்கு ஊர் வேறுபடும். முன்பே ஒத்துக்கொள்ளாமல் தொடங்கிய ஆட்டம் பெரும்பாலும் பூசலில் முடியும்.

பலகையில் ஆடும்போது விதி மீறப்பட்டால் கண்ணால் காணலாம். கணினியில் ஆடும் ஆட்டத்திலோ, விதிகள் நிரலுக்குள் மறைந்து நிற்கின்றன. திரையில் தோன்றும் முடிவை மட்டுமே நாம் காண்கிறோம். தோற்ற மாணவர் ஒருவர், "கணினி நடுநிலையாகத்தான் கணக்கிட்டதா?" என்று வினவினால், அவருக்கு என்ன விடை கூறுவது? "நிரல் எழுதியவரை நம்பு" என்பது விடையாகாது. "நிரல் இதோ இருக்கிறது, நீயே படித்துப் பார், நீயே மீண்டும் ஆடிப் பார்" என்று கூறக்கூடியவாறு ஆட்டத்தை அமைப்பதே சிறந்த விடையாகும். அவ்வாறு ஒரு போட்டி ஆட்டத்தை அமைக்கும் முறையை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

1. கட்டமும் கலமும்

சதுரக் கட்டங்கள் நிறைந்த கணிதக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு 'கலம்' என்போம். ஒவ்வொரு கலமும் ஏதேனும் ஒரு நிலையில் இருக்கும். எல்லாக் கலங்களும் ஒரே நேரத்தில், தத்தம் அண்டைக் கலங்களின் நிலையைப் பார்த்து, ஒரே விதிப்படி அடுத்த நிலைக்கு மாறும். இத்தகைய அமைப்பினைக் 'கலத் தன்னியங்கி' என்று அழைக்கலாம். ஆங்கிலத்தில் இது 'செல்லுலர் ஆட்டோமேட்டன்' எனப்படும்.

இவ்வெண்ணம் 1940களின் பிற்பகுதியில் தோன்றியது. தன்னைப் போன்ற இன்னொன்றைத் தானே உருவாக்கும் இயந்திரம் இருக்க முடியுமா என்று கணித அறிஞர் ஜான் வான் நியூமன் ஆராய்ந்தார். கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட ஒரு தளத்தில் அதனை எண்ணிப் பார்க்குமாறு அவருடைய நண்பர் ஸ்டானிஸ்லா உலாம் கூறினார். வான் நியூமன் வகுத்த தன்னியங்கியில் ஒவ்வொரு கலத்திற்கும் 29 நிலைகள் இருந்தன. அவர் 1957இல் மறைந்தார். அவருடைய ஆய்வு 1966இல் நூலாக வெளிவந்தது.

இருபத்தொன்பது நிலைகளை இரண்டாகச் சுருக்கி, யாவரும் கையாலேயே ஆடத்தக்க எளிய வடிவத்தைத் தந்தவர் இங்கிலாந்தின் கணித அறிஞர் ஜான் கான்வே ஆவார். 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிவந்த பகுதியில், 1970 அக்டோபரில் இது உலகுக்கு அறிமுகமாயிற்று. 'கேம் ஆஃப் லைஃப்' என்னும் இதனை நாம் 'உயிராட்டம்' என்று வழங்குவோம். கான்வே 2020இல் மறைந்தார்.

2. உயிராட்டத்தின் விதிகள்

ஒரு கலத்தைச் சுற்றி எட்டுக் கலங்கள் உள்ளன: மேல், கீழ், இடம், வலம், நான்கு மூலைகள். இவையே அதன் அண்டைக் கலங்கள். விதிகள் மூன்று.

(அ) உயிருள்ள கலத்துக்கு உயிருள்ள அண்டைக் கலங்கள் இரண்டோ மூன்றோ இருந்தால், அது அடுத்த தலைமுறையிலும் வாழும்.

(ஆ) வெறுங்கலத்துக்கு உயிருள்ள அண்டைக் கலங்கள் சரியாக மூன்று இருந்தால், அங்கே புதிய உயிர் பிறக்கும்.

(இ) ஏனைய எல்லாக் கலங்களும் வெறுங்கலங்களாகும். இரண்டுக்குக் குறைந்தால் தனிமையாலும், மூன்றுக்கு மேற்பட்டால் நெருக்கடியாலும் உயிர் நீங்குகிறது என்று நினைவிற் கொள்ளலாம்.

இவ்விதிகளைச் சோதிக்க, ஒரே வரிசையில் அடுத்தடுத்து மூன்று கலங்களுக்கு உயிர் கொடுங்கள். நடுக்கலத்துக்கு இரண்டு அண்டைகள், அது வாழும். இரு முனைகளுக்கும் ஒவ்வோர் அண்டையே உண்டு, அவை நீங்கும். நடுக்கலத்தின் மேலும் கீழும் உள்ள வெறுங்கலங்களுக்கு மும்மூன்று அண்டைகள். அங்கே உயிர் பிறக்கும். எனவே கிடையாக இருந்த கோடு நெடுக்கையாக மாறும். அடுத்த தலைமுறையில் மீண்டும் கிடையாகும். இது 'சிமிட்டி' எனலாம்.

இரண்டுக்கு இரண்டாக அமைந்த நான்கு கலங்கள் எக்காலமும் மாறா. இது 'கட்டி'. ஐந்து கலங்களாலான 'கிளைடர்' என்னும் உருவோ, நான்கு தலைமுறைக்கு ஒருமுறை தன் வடிவத்தை மீளப் பெற்று, ஒரு கட்டம் மூலைவாட்டில் நகர்ந்துவிடும். வேறோர் ஐந்து கல உரு, எல்லையற்ற தளத்தில் 1103 தலைமுறைகள் வரை கொந்தளித்த பின்னரே ஓர் ஒழுங்குக்கு வரும். தொடக்கத்தைப் பார்த்து முடிவைக் கணிப்பது எளிதன்று என்பதே இதன் சுவை.

எண்ணிக்கை எல்லையின்றிப் பெருகிக்கொண்டே போகும் உரு உண்டா என்று கான்வே வினவி, ஐம்பது டாலர் பரிசும் அறிவித்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பில் காஸ்பர் தலைமையிலான குழுவினர் 1970 நவம்பரில், முப்பது தலைமுறைக்கு ஒரு கிளைடரை ஏவும் உருவைக் கண்டுபிடித்து அப்பரிசைப் பெற்றனர்.

3. இருவர் ஆடும் போட்டி

உயிராட்டத்தில் ஆடுபவர் தொடக்க உருவை அமைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார். எதிராளி இல்லை. இதனைப் போட்டியாக்க ஒரு வழி, உயிருள்ள கலங்களுக்குச் சிவப்பு, நீலம் என இரு நிறங்களைக் கொடுப்பதாகும். முந்தைய மூன்று விதிகளும் அப்படியே நிற்கும். மேலும் இரண்டு விதிகள் சேரும்: வாழும் கலம் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளாது, பிறக்கும் கலம் தன் மூன்று பெற்றோரில் பெரும்பான்மையினரின் நிறத்தைப் பெறும். மூன்று ஒற்றை எண்ணாகையால், இரு நிறங்களுக்கிடையே சமநிலை ஏற்படவே முடியாது. ஒரு சிறு விதி ஒரு பெரிய சிக்கலை முன்கூட்டியே தீர்த்துவிடும் அழகினை இங்கே காண்க.

எடுத்துக்காட்டாக, சிவப்பு, சிவப்பு, நீலம் என்று ஒரே வரிசையில் மூன்று கலங்கள் உள்ளன. நடுவிலுள்ள சிவப்பு வாழும். மேலும் கீழும் பிறக்கும் இரண்டுக்கும் பெற்றோர் இரு சிவப்பும் ஒரு நீலமும் ஆதலின், இரண்டும் சிவப்பாகப் பிறக்கும். முனையிலிருந்த நீலம் நீங்கிவிடும். ஒரே தலைமுறையில் நீலம் அடியோடு மறைந்து, சிமிட்டி முழுவதும் சிவப்பாயிற்று.

4. முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியவை

பல்லாங்குழிக்குப் போலவே, இதற்கும் ஆட்டம் தொடங்குமுன் ஒத்துக்கொள்ள வேண்டியவை உள. அவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வகுப்பறைக்கு ஏற்ற ஓர் அமைப்பைக் கீழே தருகிறேன்.

களம்: 32 வரிசை, 32 நிரை. இடப்பாதி சிவப்புக்கு, வலப்பாதி நீலத்துக்கு.

விளிம்பு: களத்தின் வலவிளிம்பு இடவிளிம்போடும், மேல்விளிம்பு கீழ்விளிம்போடும் ஒட்டியிருப்பதாகக் கொள்க. வலப்புறம் வெளியேறும் கிளைடர் இடப்புறம் உள்ளே வரும். எதிராளி நடுக்கோட்டில் மட்டுமன்றி, முதுகுப்புறத்திலும் இருக்கிறார் என்பதை ஆடுபவர் மறக்கலாகாது.

தொடக்கம்: ஒவ்வொருவரும் தம் பாதியில் 20 கலங்களுக்கு மேற்படாமல் உயிர் கொடுக்கலாம். இருவரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதி, ஒரே நேரத்தில் கையளிக்க வேண்டும்.

முடிவு: 500 தலைமுறைகளின் பின் எந்நிறக் கலங்கள் மிகுதியோ அந்நிறத்தார் வென்றவர். எண்ணிக்கை ஒன்றாயின் ஆட்டம் சமன்.

இந்த அமைப்பில் தாயக்கட்டைக்கு இடமில்லை. அதிர்ஷ்டத்துக்கும் இடமில்லை. ஒரே தொடக்கம் எத்தனை முறை ஆடினாலும், எந்தக் கணினியில் ஆடினாலும், ஒரே முடிவைத் தர வேண்டும். இப்பண்பே நம் கட்டுரையின் உயிர்நாடி.

5. ஒரு பிழையும் அதனால் விளையும் அநீதியும்

இவ்வாட்டத்துக்கு நிரல் எழுதும் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. களத்தை மேல் வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே செல்லும்போது, ஒவ்வொரு கலத்தையும் உடனுக்குடன் மாற்றிவிடுவார்கள். 'எல்லாக் கலங்களும் ஒரே நேரத்தில் மாறும்' என்ற விதி இதனால் மீறப்படுகிறது.

முன்னர்க் கண்ட சிமிட்டியையே எடுத்துக்கொள்வோம். மேல் வரிசையில் நடுக்கலத்தின் தலைக்கு மேலுள்ள கலம் முதலில் பிறக்கிறது. இது சரியே. அடுத்து, வலமுனையின் தலைக்கு மேலுள்ள கலத்தைக் கணினி பார்க்கிறது. அதற்கு உண்மையில் இரண்டே அண்டைகள். ஆனால் சற்று முன் பிறந்த புதிய கலத்தையும் சேர்த்து எண்ணுவதால் மூன்றாகி, பிறக்கக்கூடாத உயிர் ஒன்று பிறந்துவிடுகிறது. இவ்வாறே தொடர்ந்து கணக்கிட்டால், மூன்று கலங்கள் நான்காகி, உரு மேல்நோக்கி வலப்புறம் சாய்ந்துவிடும். கொப்பியில் நீங்களே செய்து பாருங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிமிட்டி இடமும் வலமும் ஒத்த உரு. அதிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்த உரு தோன்றியது என்றால், நிரல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே பொருள். இடப்பாதியில் ஆடுபவருக்கும் வலப்பாதியில் ஆடுபவருக்கும் அது ஒரே நீதியை வழங்காது. எழுதியவர் வஞ்சம் நினைக்கவில்லை. ஆயினும் திரையில் வண்ணமயமாக ஓடும் கலங்களைப் பார்த்து ஒருவராலும் இப்பிழையைக் கண்டுபிடிக்க இயலாது. மூலநிரல் மூடியிருந்தால் தோற்றவரின் ஐயம் ஐயமாகவே நின்றுவிடும்.

இதற்குத் திருத்தம் எளிது. இரண்டு களங்களை வைத்துக்கொள்ள வேண்டும். பழைய களத்தைப் பார்த்து மட்டும் எண்ண வேண்டும்; புதிய களத்தில் மட்டும் எழுத வேண்டும். எல்லாக் கலங்களும் முடிந்த பின்னரே புதியது பழையதன் இடத்தைப் பெறும்.

6. மூன்று சோதனைகள்

நிரல் நேரியதா என்பதைக் கீழ்வரும் சோதனைகளால் அறியலாம். இவற்றையும் நிரலோடு சேர்த்தே வெளியிட வேண்டும்.

முதலாவது, தெரிந்த உருச் சோதனை. கட்டி மாறாதிருக்க வேண்டும். சிமிட்டி இரு தலைமுறையில் மீள வேண்டும். தனியே விடப்பட்ட கிளைடர் நான்கு தலைமுறைக்கு ஒரு கட்டம் நகர்வதால், 32 கட்டக் களத்தைச் சுற்றி 128ஆம் தலைமுறையில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். வராவிட்டால் விளிம்புகள் ஒட்டப்பட்ட முறையில் பிழை இருக்கலாம்.

இரண்டாவது, நிறம் மறந்த சோதனை. நிறங்கள் உயிர் வாழ்வதையோ பிறப்பதையோ மாற்றுவதில்லை. ஆகவே இருநிற ஆட்டத்தின் ஒவ்வொரு தலைமுறையும், நிறத்தை மறந்து பார்க்கையில், சாதாரண உயிராட்டத்தோடு முற்றும் ஒத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கண்ணாடிச் சோதனை. சிவப்பின் தொடக்க உருவைக் கண்ணாடியிற் காண்பது போல் இடவலமாக மாற்றி நீலத்துக்கும் கொடுங்கள். எத்தனை தலைமுறை ஓடினாலும் இரு நிறங்களின் எண்ணிக்கையும் சமமாகவே இருக்க வேண்டும். ஒரு கலம் வேறுபட்டாலும் நிரல் பாரபட்சம் காட்டுகிறது. முன்னர்க் கூறிய பிழையை இச்சோதனையில் வெவ்வேறு உருக்களை இட்டுப் பார்த்து வெளிப்படுத்தலாம்.

7. திறந்த மூலநிரல் என்றால் என்ன?

நிரலாளர் எழுதும், மனிதர் படிக்கக்கூடிய கட்டளைத் தொகுதியே மூலநிரல். பல மென்பொருள்கள் மூலநிரலை மறைத்து, இயங்கும் வடிவை மட்டும் நமக்குத் தருகின்றன. சமைத்த குழம்பைப் பரிமாறிவிட்டுச் செய்முறையைச் சொல்ல மறுப்பது போன்றது இது.

1983இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்து, மென்பொருளைப் பயன்படுத்துவோர்க்கு நான்கு உரிமைகள் வேண்டும் என்ற கொள்கையை வளர்த்தார். விரும்பியவாறு இயக்குதல், உட்கூறுகளைப் படித்து மாற்றுதல், பிறருக்குப் படியெடுத்துக் கொடுத்தல், தாம் திருத்தியதையும் வெளியிடுதல் என்பன அவை. பின்லாந்தின் மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் இம்முறையால் வளர்ந்தது. 'திறந்த மூலம்' என்ற பெயர் 1998இல் வழக்கிற்கு வந்தது. உயிராட்டத்தை ஆராய்வோர் பெரிதும் பயன்படுத்தும் 'கோலி' என்னும் மென்பொருளும் 2005 முதல் திறந்த மூலநிரலாகவே கிடைக்கிறது.

மூலநிரலை எல்லோரும் காணும் இடத்தில் வைத்துவிட்டால் அது திறந்த மூலமாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. உரிமம் ஒன்று எழுதப்படாவிட்டால், பதிப்புரிமைச் சட்டப்படி எல்லா உரிமைகளும் எழுதியவரிடமே தங்கிவிடும். பிறர் பார்க்கலாமேயன்றி, மாற்றி வெளியிட உரிமையில்லை. ஆகவே உரிமம் இன்றியமையாதது. எம்.ஐ.டி. உரிமம் மிகச் சுருக்கமானது. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காதிருந்தால் எவ்வாறும் பயன்படுத்தலாம் என்கிறது. க்னூ பொது உரிமமோ, நிரலை மாற்றிப் பிறருக்கு வழங்குபவர் தம் மூலநிரலையும் அதே உரிமத்தின் கீழ்த் திறந்து வைக்க வேண்டும் என்கிறது. போட்டி ஆட்டத்துக்கு இரண்டாவது பொருத்தம் என்பது என் கருத்து. திறந்து கிடைத்ததை ஒருவர் மாற்றி, மூடிய வடிவில் பிறருக்கு வழங்க அது இடங்கொடுப்பதில்லை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். எல்லாம் திறந்திருந்தால் எதிராளி என் உத்தியை அறிந்துவிட மாட்டாரா? மாட்டார். திறந்திருப்பது விதிகளும் அவற்றை நடத்தும் நிரலுமே. உங்கள் தொடக்க உரு, ஆட்டம் தொடங்கும்வரை உங்களுடையதே.

8. திட்டத்தை அமைக்கும் முறை

முதலில் விதிகளைச் சாதாரண மொழியில் ஒரு கோப்பில் எழுதுக. நிரலும் விதியும் முரண்பட்டால் விதியே வெல்லும், நிரல் திருத்தப்படும்.

இரண்டாவதாக, கணக்கிடும் பகுதியையும் திரையில் வரையும் பகுதியையும் தனித்தனியே வைக்குக. கணக்கிடும் பகுதி சிறிதாக இருந்தால், பன்னிரண்டு வயது மாணவரும் ஒரே அமர்வில் அதைப் படித்து முடிக்கலாம்.

மூன்றாவதாக, சோதனைகள், உரிமம், 'முதலில் படிக்க' என்னும் அறிமுகக் கோப்பு ஆகியவற்றைச் சேர்க்குக.

நான்காவதாக, மாற்றங்களின் வரலாற்றைக் காத்திடுக. யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்க 2005இல் உருவான 'கிட்' என்னும் கருவி உதவும்.

ஐந்தாவதாக, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பதிப்பு எண் இடுக. ஆட்டக் குறிப்பில் பதிப்பு எண், இரு தொடக்க உருக்கள், களத்தின் அளவு, தலைமுறை எண்ணிக்கை ஆகியவை இருந்தால் போதும். எந்நாட்டில் இருப்பவரும் அதே ஆட்டத்தைத் தம் கணினியில் மீள நடத்தி, முடிவைச் சரிபார்க்கலாம். யாராவது விதியை மாற்ற விரும்பினால், பழைய பெயரில் மறைவாக மாற்றாமல், புதிய பதிப்பாகவோ புதிய பெயரிலோ வெளியிட வேண்டும்.

பிறர் அனுப்பும் திருத்தங்களைச் சோதனைகளில் தேறிய பின்னரே சேர்க்க வேண்டும். பிழையைச் சுட்டுபவர் தோற்றவராக இருந்தாலும், அவருக்கு நன்றி கூறிப் பெயரைக் குறிப்பதே முறை.

நிரல் எழுதத் தெரியாத மாணவரும் இதில் பங்கு பெறலாம். விதிக் கோப்பைத் தமிழில் எழுதுவது ஒரு பெரும் பணி. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றுவிட்டன. ஆகவே தமிழ் விளக்கம் நிரலோடு ஒரே தொகுப்பில் நிற்பதற்குத் தடையில்லை. 'ஒரே நேரத்தில்', 'சரியாக மூன்று', 'மேற்படாமல்' என்னும் சொற்களைப் பிழையறக் கையாளாவிட்டால் ஆட்டமே மாறிவிடும். மொழித் துல்லியத்துக்கு இதனினும் நல்ல பயிற்சி வேறில்லை.

9. பெற்றோர்க்கு ஒரு சொல்

பிள்ளைகள் கணினி முன் கழிக்கும் நேரம் குறித்து நாம் கவலைப்படுகிறோம். பிறர் செய்த ஆட்டத்தை ஆடும் பிள்ளையும், ஆட்டத்தைச் செய்து பிறர் சோதிக்கத் திறந்து வைக்கும் பிள்ளையும் ஒரே நாற்காலியில்தான் அமர்ந்திருக்கின்றனர். அருகே அமர்ந்து, "இந்த விதி எங்கே எழுதியிருக்கிறது? எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். வேறுபாடு அப்போது புலப்படும். பிள்ளையின் ஆக்கத்தை வெளியிடும்போது முழுப்பெயர், முகவரி, பள்ளி முதலிய விவரங்களைக் கோப்புகளில் இடாதிருக்கவும், உரிமத்தை நீங்களும் சேர்ந்து படித்துத் தேர்ந்தெடுக்கவும் வேண்டுகிறேன்.

முடிவுரை

தன் நிரலில் பிறர் பிழை காண்பது முதலில் கசக்கும். ஆயினும் மறைத்துக் காத்த பெருமையைவிட, திறந்து வைத்துத் திருத்திக்கொண்ட நிரல் நீண்டகாலம் நிற்கும். வென்றவரின் மகிழ்ச்சியைப் பெற எந்த ஆட்டமும் போதும். தோற்றவரும் தானே சரிபார்த்து, "ஆம், முறையாகவே தோற்றேன்" என்று மனநிறைவோடு எழக்கூடிய ஆட்டத்தைச் செய்வதே அரிது. அதனை நம் மாணவர்கள் செய்து காட்ட வேண்டும்.

பயிற்சி

1. சிவப்பு, நீலம், சிவப்பு என்று ஒரே வரிசையில் மூன்று கலங்கள் உள்ளன. அடுத்த இரு தலைமுறைகளையும் வரைக. நீலம் எப்போதாவது மறையுமா?

2. ஒரு கட்டியில் மூன்று கலங்கள் சிவப்பு, ஒன்று நீலம். பத்துத் தலைமுறைகளின் பின் நிறங்கள் எவ்வாறு இருக்கும்?

விடைகள்: முதலாவதில் நடு நீலம் ஒவ்வொரு தலைமுறையும் வாழும், பிறப்பவை யாவும் சிவப்பு. வேறு கலங்கள் வந்து மோதாதவரை நீலம் மறையாது. இரண்டாவதில் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை; வாழும் கலம் நிறம் மாறாதாகையால் மூன்று சிவப்பும் ஒரு நீலமும் அப்படியே நிற்கும்.